ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் 400: உப்புக் காற்றில் கிடந்த கார்ட்

திருகோணமலையில் பாவித்த கணினி விற்கும் ஒரு கடையில், மூடிவிட்ட நெட் கஃபேயிலிருந்து வந்த பெட்டிகளுக்குள் இந்த ஜிஃபோர்ஸ்2 கிராபிக்ஸ் கார்ட், அதாவது கணினியின் படத்தைத் திரைக்கு அனுப்பும் கார்ட், கிடந்தது. விலை 1,500 ரூபாய். "தம்பி, ஓடுமோ தெரியாது. ஓடினா உங்கட அதிர்ஷ்டம்" என்றார் கடைக்காரர். மூன்று மாதமாக ஓடுகிறது.

விண்டோஸ் 98 காலத்து விளையாட்டுகளில் ஆசை வந்தவர்கள் முதலில் தேடுவது 1999இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ3 கார்டை. அந்த நிறுவனத்தின் சொந்தக் கிராபிக்ஸ் முறையான கிளைடுக்காக எழுதிய விளையாட்டுகளுக்கு அந்த வரிசைதான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் விலை கையைக் கடிக்கும், முப்பரிமாணத்தில் 16 பிட் நிறத்தைத் தாண்டாது. முதல் கார்டாக நான் சொல்வது 2001இல் வந்த இந்த எம்எக்ஸ் 400தான். என்னுடையதில் ஏஜிபி விளிம்பில், அதாவது அந்தக் காலத்துக் கிராபிக்ஸ் கார்ட் துளைக்குள் போகும் விளிம்பில், இரண்டு வெட்டுகள் இருக்கின்றன. அதனால் 3.3 வோல்ட் மதர்போட்டிலும் 1.5 வோல்ட் மதர்போட்டிலும் உட்காரும். எம்எக்ஸ் 200 பார்க்க அப்படியே இருக்கும், ஏமாற வேண்டாம். அதன் நினைவகப் பாதை 64 பிட் மட்டுமே, அதனால் மெதுவானது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பென்டியம் 3 பெட்டியில் செருகினேன். திரை முழுக்கக் கோடுகள். விசிறி அசையவே இல்லை. எங்கள் வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. இங்கே செம்பு எப்படிப் பச்சை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலில் தங்க விரல்களை, அதாவது கார்ட் விளிம்பில் உள்ள தங்கப் பூச்சுத் தொடுபட்டைகளைப் பார்த்தேன். மங்கிப்போய், ஓரத்தில் பச்சை. வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தேன். விசிறியின் ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் சுற்றியது.

கோடுகள் போகவில்லை. டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இரண்டு கப்பாசிற்றர்களின் தலை உப்பி, ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிவு. அதே மைக்ரோஃபராட்டில், வோல்ட் குறையாத, குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) உள்ளவற்றை வாங்கி மாற்றினேன். உடம்பில் பட்டை போட்ட பக்கம் எதிர்முனை (மைனஸ்). மாறிப் போட்டால் வெடிக்கும், கவனம். பழுது பார்க்கிறேன் என்று தயவுசெய்து யாரும் கார்டை ஓவனில் வைத்துச் சுடாதீர்கள். அந்தச் சூட்டில் நல்ல கப்பாசிற்றரும் கெட்டுவிடும், புகையும் சாப்பாட்டு ஓவனுக்குள் போகும்.

இப்போது படம் சுத்தம். குவேக் 3 அரீனா 1024க்கு 768இல், 16 பிட்டில் அழகாக ஓடுகிறது. 32 பிட்டுக்குப் போனால் மூச்சு வாங்கும். சிப்பைவிட நினைவக வேகம்தான் இதற்குத் தடை. பிக்சல் ஷேடர் (ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) கேட்கும் பிந்திய விளையாட்டுகள் இதில் சரிவராது, அதற்கு ஜிஃபோர்ஸ்3இலிருந்து பாருங்கள். 1280க்கு மேல் என்னுடையதில் எழுத்துகள் கொஞ்சம் மங்குகின்றன. விளையாடுவதற்கு அது ஒரு குறையே இல்லை.

அதே கடையில் இன்னொன்று இருந்தது, அதையும் வாங்கிவிட்டேன். மாரி மழை தொடங்கமுன் சிலிக்கா ஜெல் பையோடு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.