சிவப்பு முத்திரைக்காக ஒரு மதியம்

ரயிலைப் பற்றியும் ஹோட்டலைப் பற்றியும் எழுதப் போவதில்லை. சீனாவில் குவாங்சோவிலிருந்து ஜியாங்சி மாகாணத்துக்கு அதிவேக ரயிலில் போய்வந்தவர்களுக்கு அதெல்லாம் தெரிந்ததுதான். அங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தின் அலுவலகத்தில் கழிந்த அந்த மதியத்தைத்தான் சொல்ல வேண்டும்.

என் மனைவி பிறந்தது ஜியாங்சியில். 2002-இல் அந்தக் காப்பகத்திலிருந்துதான் அவளை அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஒரு குடும்பம் தத்தெடுத்தது. வெளிநாட்டவர் தத்தெடுக்க அந்தக் கால நடைமுறை இது: காப்பகத்துக்கு 3,000 டாலர், அதுவும் மடிப்புக் கலையாத புது நோட்டாக. அப்புறம் குவாங்சோ அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் குழந்தைக்கு விசா, ஒயிட் ஸ்வான் ஹோட்டலின் சிவப்பு சோபாவில் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து ஒரு படம். அவளுடைய படம் இன்னமும் என் மாமியார் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை நிமிர்த்தி உட்காரவைக்கும் நாற்காலிகளைக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. காப்பகத்தில் கேட்டு, அவர்கள் சொன்ன அளவில் சீனாவிலேயே வாங்கி முன்கூட்டியே அனுப்பிவிட்டாள். நாங்கள் போனபோது பெட்டிகள் தாழ்வாரத்தில் பிரிக்காமல் கிடந்தன. நன்கொடை ரசீதில் சிவப்பு முத்திரை விழாமல் பிரிக்கக் கூடாதாம். முத்திரை அலமாரிக்குள், சாவி கணக்காளரிடம், கணக்காளர் மதிய ஓய்வில். இரண்டரைக்கு வந்துவிடுவார் என்றார்கள். நாலு மணி தாண்டித்தான் வந்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மின்னசோட்டாவில் நன்கொடை கொடுத்த மறு நிமிடமே ரசீது மெயிலில் வந்து நிற்கும். அன்று டாலர் கட்டை எண்ணி வாங்க இதே இடத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்று மாமியார் சொல்வார். 2005-இல் ஹுனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதிக் காப்பகங்கள் காசு கொடுத்துக் குழந்தைகளை வாங்கியது அம்பலமானது. அதற்குப் பிறகு பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம், சரி. வாசலில் வந்து இறங்கிய நாற்காலியைப் பிரிக்கவுமா இத்தனை காவல்? ஐந்து மணிக்குப் பார்வை நேரம் முடிகிறது. பிள்ளைகளோடு இருக்க அவளுக்குக் கிடைத்த நேரத்தை அந்தச் சாவி தின்றுவிட்டது.

நடுவில் வயதான பராமரிப்பாளர் ஒருவர் வெந்நீரும் ஆரஞ்சும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் சொல்லி வந்தவர் இல்லை. முன்பு தொட்டில் தொட்டிலாகப் பெண் குழந்தைகள் இருந்த இடத்தில் இப்போது கைக்குழந்தைகள் அபூர்வம், இருப்பவர்களில் பெரும்பாலோர் உடற்குறையோ நோயோ உள்ளவர்கள் என்றார். அவள் கையை அவர் விடவே இல்லை. அங்கே எந்த அலுவலகமும் அவளை அப்படி வரவேற்கவில்லை.

1992 முதல் 1,60,000-க்கும் அதிகமான குழந்தைகள் சீனாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் அமெரிக்காவுக்கு. 2024-இல் சீனா நெருங்கிய உறவினருக்கு மட்டும் விலக்கு வைத்து அந்த வழியை மூடிவிட்டது. உள்நாட்டில் யாரும் தத்தெடுக்காத பிள்ளைகள் இனி பெரும்பாலும் காப்பகத்திலேயேதான் வளர வேண்டும். ஒரு நாற்காலி ஒரு மதியம் சும்மா கிடப்பதைக்கூட என்னால் பொறுக்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

தத்துப் போனவர்கள் பலர் இப்போது வளர்ந்து, கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய துணியும் பொம்மையும் வேண்டாம், என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். பொருள் போய்ச் சேரும் முன்பே ரசீதுக்கு முத்திரை குத்தி வைக்கச் சொல்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள்.