டேட்டா சயின்டிஸ்டா, இன்ஜினியரா, அனலிஸ்டா: எந்த வேலைக்குப் போவது?

இறுதியாண்டுப் பிள்ளைகளின் ரெஸ்யூம்களில் 'டேட்டா சயின்டிஸ்ட் ஆக விரும்புகிறேன்' என்ற வரி தவறாமல் இருக்கிறது. 'டேட்டா இன்ஜினியர் ஆக வேண்டும்' என்று எழுதியவர் யாரும் இதுவரை என் கண்ணில் படவில்லை. புதிதாக வேலை தேடுகிறவர் எந்தப் பக்கம் போவது நல்லது என்று என்னைக் கேட்டால், யாரும் எழுதாத அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

மூன்று வேலைகளுக்கும் என்ன வித்தியாசம்? தி.நகரில் ஒரு துணிக்கடை, அதற்கு ஊருக்கு ஊர் கிளை என்று வைத்துக்கொள்வோம். ஆடித் தள்ளுபடியில் எந்தக் கிளையில் எது ஓடியது, எது தேங்கியது என்று எடுத்துச் சொல்பவர் அனலிஸ்ட். தீபாவளிக்கு மதுரைக் கிளைக்கு எத்தனை பட்டுப்புடவை அனுப்பலாம் என்று கணித்துச் சொல்பவர் சயின்டிஸ்ட். எல்லாக் கிளைகளின் பில்லும் ராத்திரியோடு ராத்திரியாக ஒரே இடத்துக்கு வந்து சேர வழி செய்பவர் இன்ஜினியர். ஒரு பில்லில் 'தி.நகர்', இன்னொன்றில் 'டி.நகர்', வேறொன்றில் 'தியாகராய நகர்' என்று இருந்தால், மூன்றும் ஒரே கடைதான் என்று கண்டுபிடித்துச் சேர்ப்பதும் பெரும்பாலும் இவர் தலையில்தான் விழும்.

அனலிஸ்ட் வேலைக்குள் நுழைவது சுலபம். எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி), எக்ஸெல், பவர் பிஐ (வரைபட அறிக்கை போடும் மென்பொருள்) தெரிந்தால் போதும், பி.காம் படித்தவரும் வரலாம். ஆனால் ஏஐ முதலில் கை வைத்திருப்பதும் இங்கேதான். 'போன மாதம் கோவைக் கிளையில் அதிகம் விற்றது எது' என்று கேட்டால் எஸ்கியூஎல்லை அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. வியாபாரம் புரிந்த அனலிஸ்டுக்குக் கவலை இல்லை. வரைபடம் மட்டும் போடுகிறவர் பாடு கஷ்டம்.

சயின்டிஸ்ட் வேலைக்கு வருவோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, 2023 முதல் 2033 வரை அங்கே டேட்டா சயின்டிஸ்ட் வேலைகள் 36 சதவீதம் கூடும் என்று கணித்தது. எல்லா வேலைகளுக்கும் சேர்த்து அது 4 சதவீதம்தான். 2023இல் இந்த வேலையின் நடுமதிப்பு ஊதியம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) ஆண்டுக்கு 1,08,020 டாலர். பயிற்சி மைய விளம்பரங்களுக்கு இது போதும். ஆனால் இது அமெரிக்கக் கணக்கு, அதுவும் அனுபவசாலிகளையும் சேர்த்து எடுத்த கணக்கு. ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் தேடிக்கொண்டு அலைவதில் பயனில்லை.

இந்த வேலையின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. 2023இல் தீபாவளி நவம்பர் 12, அடுத்த வருடம் அக்டோபர் 31. இதை மறந்துவிட்டு நவம்பரோடு நவம்பரை ஒப்பிட்டால், 2024இல் வியாபாரமே படுத்துவிட்ட மாதிரி தெரியும். கணிப்பைப் போடும் மாடலைக் கட்டும் பைதான் நிரலை ஏஐ நொடியில் எழுதிவிடும். எந்தக் கேள்வியை, எதோடு எதை ஒப்பிட்டுக் கேட்பது என்று தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அந்தப் பக்குவம் கல்லூரி முடித்த கையோடு வருவதில்லை. அதனாலேயே இங்கே ஃப்ரெஷர்களுக்குக் கதவு குறுகல்.

இன்ஜினியரின் மதிப்புக்கு நெட்ஃபிளிக்ஸ் கதை ஒன்று போதும். படப் பரிந்துரைக் கணிப்பை இருப்பதைவிட 10 சதவீதம் கூடுதல் துல்லியமாக்குபவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2006இல் அறிவித்தார்கள். 2009இல் ஒரு குழு 10.06 சதவீதத்தை எட்டிப் பரிசை வாங்கியது. கடைசியில் அந்த முழுத் தீர்வை நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்தவே இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் துல்லியத்துக்கு, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறியியல் உழைப்பு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். 2007இலேயே கிடைத்திருந்த இரண்டு முறைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை மூளைகள் மூன்று வருடம் முட்டி மோதியும், ஓட வைக்க முடிந்தது எதுவோ அதுதான் நிலைத்தது!

ஏஐ வந்த பிறகும் இந்தத் தேவை குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. எந்த மாடலாக இருந்தாலும் சுத்தமான தரவு வேண்டுமே. தரவை நகர்த்தவும் கையாளவும் உள்ள ஸ்பார்க், காஃப்கா, ஏர்ஃப்ளோ போன்ற கருவிகளின் பேரைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும், பழகினால் வந்துவிடும். ஒரு சங்கடம், ராத்திரி இரண்டு மணிக்கு பைப்லைன் (தரவு வந்து சேரும் அந்த வழி) விழுந்தால் போன் உங்களுக்குத்தான். அப்புறம், எல்லாம் சரியாக ஓடும் வரை உங்களை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கணிதமும் புள்ளியியலும் உண்மையாகவே பிடித்தவர்கள் இதைப் படித்துவிட்டு மனசை மாற்றிக்கொள்ள வேண்டாம். அவர்கள் மேற்படிப்பு வழியாகச் சயின்டிஸ்ட் வேலைக்கு வருவதே சரி. மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸுக்கும் ஏஐக்கும் தனித்தாளே இருக்கிறது. சென்னைக் கணிதவியல் கழகத்தில் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் இருக்கிறது, அது இருப்பதே சிறுசேரி சிப்காட் ஐடி பூங்காவுக்குள்தான். ஜேஇஇ எழுதாதவர்கள் சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பை இணையவழியில் படிக்கலாம். நடுவில் நின்றாலும் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும்.

இன்னொன்று, பதவிப் பெயரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். சயின்டிஸ்ட் என்று கூப்பிட்டு வாரம் முழுக்க எக்ஸெல் அறிக்கை போட வைக்கும் இடங்கள் உண்டு. இன்டர்வியூவில் 'ஏதாவது கேட்கணுமா?' என்பார்கள் இல்லையா, அப்போது கேளுங்கள்: "நீங்கள் கடைசியாகக் கட்டிய மாடல் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா? அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" பதில் சொல்ல அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், அங்கே முதலில் தேவைப்படுவது இன்ஜினியர்தான்.