கோமியின் குத்தா, அவோகியின் பிடியா?

2006 டிசம்பர் 31, சைதாமா சூப்பர் அரினா. ஜப்பானில் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கலப்புச் சண்டை (எம்எம்ஏ) ஆட்டங்களை நடத்திய பிரைட் அமைப்பின் ஆண்டுக் கடைசி நிகழ்ச்சி. தகானோரி கோமி, மித்சுஹிரோ இஷிதாவை 1 நிமிடம் 14 விநாடியில் முடித்தார். அதே ரிங்கில் ஷின்யா அவோகி, நார்வேயின் யோகிம் ஹான்சனை 2 நிமிடம் 24 விநாடியில் தட்ட வைத்தார், அதாவது பிடி தாங்காமல் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். இரண்டையும் கூட்டினாலும் நாலு நிமிடம் வராது. ஜப்பான் தந்த சிறந்த லைட்வெயிட் (இலகு எடைப் பிரிவு) வீரர் யார் என்று கேட்டால் இந்த இரண்டு பெயர்களில்தான் பேச்சு வந்து நிற்கும். ஆனால் இருவரும் ஒருமுறைகூட நேருக்கு நேர் மோதியதில்லை. இருவரிடமும் மோதியவர்களை வைத்துத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

அப்படி முக்கியமான நாலு பேர் கிடைக்கிறார்கள். தத்சுயா கவாஜிரியை இருவருமே தட்ட வைத்தார்கள்: கோமி 2005 செப்டம்பரில் பின்னாலிருந்து கழுத்தை நெரித்து, அவோகி 2010 ஜூலையில் குதிகால் தசைநாரை இறுக்கி, அதுவும் 1:53-இல். ஹயாதோ சகுராய் விஷயத்தில் கோமிக்கே முழு மதிப்பெண். 2005 ஆண்டுக் கடைசி இரவில் அவரை நாக் அவுட் செய்துதான் பிரைட் லைட்வெயிட் பட்டத்தை வாங்கினார். அவோகியோ சகுராயிடம் இரண்டு முறை தோற்றவர். 2009-இல் நடந்த இரண்டாவது தோல்வி வெறும் 27 விநாடி. அது ஒரு படி மேலான எடைப் பிரிவு என்று சலுகை கொடுக்கலாம், ஆனாலும் தோல்வி தோல்விதான்.

மற்ற இருவரிடம் தராசு மறுபக்கம் சாய்கிறது. 2003-இல் கோமியிடமிருந்து ஷூட்டோ என்ற ஜப்பானிய அமைப்பின் பட்டத்தைப் பறித்தவர் ஹான்சன். அவரோடு அவோகி மூன்று முறை மோதி இரண்டில் வென்றார். 2008-இல் ட்ரீம் என்ற ஜப்பானிய அமைப்பின் இறுதிப் போட்டியில் தோற்றது, அன்றே காவோல் உனோவுடன் ஒரு ஆட்டம் ஆடி முடித்த பிறகு. 2009 அக்டோபரில் இரண்டாவது ரவுண்ட் முடிய நாலு விநாடி இருக்கும்போது கையை மடக்கிப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். சதோரு கிதவோகா 2009 ஜனவரியில் கோமியை 1:41-இல் கால் பிடியில் தட்ட வைத்தார். அதே கிதவோகாவை அவோகி 2011 கடைசி நாளில் நடுவர் தீர்ப்பில் வென்றார்.

இந்தக் கணக்கில் அவோகி ஒரு நூல் முன்னால். ஆனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்வது தவறு. விதிகள் இருவருக்கும் எப்படி உதவின என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரைட்டில் முதல் ரவுண்ட் 10 நிமிடம், லைட்வெயிட் வரம்பு 73 கிலோ, கயிறு கட்டிய ரிங். அமெரிக்க அமைப்பான யுஎஃப்சியில் ரவுண்ட் 5 நிமிடம், வரம்பு 155 பவுண்ட், அதாவது சுமார் 70.3 கிலோ, கம்பி வலைக் கூண்டு. கோமி ஜென்ஸ் பல்வரை அப்பர்கட்டில் (கீழிருந்து மேலே போகும் குத்து) சாய்த்தது 6:21-இல். கவாஜிரியின் கழுத்தைப் பிடித்தது 7:42-இல். இரண்டுமே முதல் ரவுண்டுதான். 5 நிமிடத்தில் மணி அடித்திருந்தால் பல்வர் மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டுவிட்டு எழுந்திருப்பார். நீண்ட ரவுண்டில் அந்த மூச்சு கிடையாது. உடம்பில் வாங்கிய குத்துகள் சேர்ந்துகொண்டே போகும், கை தானாகக் கீழே இறங்கும், தாடை திறக்கும். இடது கைக்காரரான கோமி விலாவையும் தலையையும் மாற்றி மாற்றி அடிப்பவர். அந்த ஆட்டத்துக்கு இதைவிட வசதியான களம் கிடைக்காது.

அவோகிக்கும் அந்த நேரம் தேவைப்பட்டது, காரணம்தான் வேறு. தரைப் பிடிக்காரருக்கு ரவுண்ட் முடிவது பெரிய நஷ்டம்: பாடுபட்டுப் பிடித்த இடத்தை விட்டுவிட்டு மறுபடி நின்ற நிலையிலிருந்து தொடங்க வேண்டும். அவர் போடும் நீண்ட டைட்ஸும் அலங்காரத்துக்கு அல்ல. வியர்த்த தோல் வழுக்கும், துணி வழுக்காது. கால்களால் இடுப்பையும் கழுத்தையும் பின்னுகிறவருக்கு அந்த உராய்வு பாதி வேலையைச் செய்துவிடும்.

ஹான்சனை முடித்த கோகோபிளாட்டா என்ற பிடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மல்லாந்து படுத்தபடி ஒரு காலை எதிராளியின் தோளுக்கு மேல் தூக்கி, பாதத்தை அவர் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, தாடைக்கு அடியில் நுழைக்க வேண்டும். கணைக்கால் எலும்பு தொண்டைக் குழியில் குறுக்கே படிந்ததும், இரு கைகளாலும் அவர் பின்தலையைக் கீழே இழுத்தால் போதும். கேட்க எளிது. இடுப்பு மூட்டு வளையாதவர் செய்தால் அழுத்தமெல்லாம் சொந்த முழங்காலுக்குப் போய் தசைநார் கிழியும். எதிராளி முதுகை நிமிர்த்திவிட்டாலும் பிடி காற்றில்தான் நிற்கும். ஹான்சன் நிமிராமல் மேலே கவிழ்ந்தே இருந்தார், அதுதான் தப்பு. 2008-இல் கட்சுஹிகோ நகாதாவை இதே பிடியில் மேலே உட்கார்ந்தபடியே முடித்தார் அவோகி. அதைப் பார்த்து வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

தோல்விப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சுவாரசியம். கோமியைப் பிடியில் முடித்தவர்களில் சிலர்: பிஜே பென் கழுத்து நெரிப்பில், மார்கஸ் அவ்ரேலியோ கையோடு கழுத்தைச் சேர்த்துப் பூட்டி, கிதவோகா கால் பிடியில், கென்னி ஃப்ளோரியன் கழுத்து நெரிப்பில், கிளே குய்டா கில்லட்டினில் (முன்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடி), நேட் டயஸ் கை மடக்கலில். நிக் டயஸ் 2007-இல் போட்டது அதே கோகோபிளாட்டா. டயஸின் மரிஜுவானா பரிசோதனையால் அந்த முடிவு பின்னர் ரத்தானது. அவோகியை முடித்தவர்களில் சிலர்: ஹான்சன், சகுராய், எடி அல்வாரஸ், எட்வர்ட் ஃபொலாயங், பென் ஆஸ்க்ரன், கிறிஸ்டியன் லீ, யோஷிஹிரோ அகியாமா. அத்தனையும் அடியில். ஆளுக்கொரு ஓட்டை, அது மற்றவரின் ஆயுதம் நுழையச் சரியான அளவில்.

அவ்ரேலியோ ஆட்டம் கோமி ரசிகர்களுக்கு இன்னும் உறுத்தும். அதற்கு முன் பிரைட்டில் தொடர்ந்து 10 வெற்றி. நடுவில் ரால்ஃப் கிரேசி மணி அடித்ததும் காலைப் பிடிக்கப் பாய, முழங்காலால் எதிர்கொண்டு 6 விநாடியில் முடித்த ஆட்டமும் உண்டு. 2004, 2005 இரண்டு வருடமும் ஜப்பானில் இந்த எடையில் அவருக்கு நிகரில்லை. 2006 ஏப்ரலில் பட்டத்தைப் பணயம் வைக்காத ஆட்டத்தில் அவ்ரேலியோவிடம் கீழே விழுந்து, தட்டாமலே மயங்கினார். நவம்பரில் பட்டத்துக்கான மறு ஆட்டத்தில் பிளவுத் தீர்ப்பில் (நடுவர்கள் ஒருமனதாக இல்லாமல்) வென்றாலும் பழைய கோமி திரும்பவில்லை.

பிரைட் 2007-இல் மூடப்பட்டதும் இருவர் பாதையும் பிரிகிறது. கோமி 2010-இல் 31 வயதில் யுஎஃப்சி போனார். டைசன் கிரிஃபினை 64 விநாடியில் சாய்த்தது பழைய வாசனை. ஆனால் மொத்தக் கணக்கு 4 வெற்றி, 9 தோல்வி. கடைசி ஐந்தும் முதல் ரவுண்டிலேயே முடிந்த தோல்விகள். உச்சம் கழிந்த பிறகு உலகின் நெரிசலான எடைப் பிரிவுக்குள் நுழைந்ததன் விலை அது. அவோகி யுஎஃப்சி பக்கமே போகவில்லை. அமெரிக்காவில் 2010-இல் கில்பர்ட் மெலண்டெஸ் ஐந்து ரவுண்டும் அவருடைய கால்களுக்குள் இறங்க மறுத்தே வென்றார். 2012-இல் அல்வாரஸ், முன்பு அவோகியிடம் தோற்றதற்கு 2:14-இல் பழி தீர்த்தார். பிறகு ஆசிய அமைப்பான ஒன் சாம்பியன்ஷிப்: 2013-இல் பட்டம், 2016-இல் ஃபொலாயங்கிடம் இழப்பு, 2019 மார்ச் 31 அன்று தோக்கியோவில் அதே ஃபொலாயங்கிடமிருந்து மீட்பு, 47 நாளில் லீயிடம் மறுபடி இழப்பு. 2024 ஜனவரியில், 40 வயதில், ஜான் லினெகரின் கழுத்தைப் பிடித்தார்.

அவோகியின் கணக்கில் ஒரு கறையும் உண்டு. 2009 கடைசி நாளில் மிசுதோ ஹிரோதாவின் கையை முதுகுக்குப் பின் முறுக்கி உடைத்துவிட்டு, விழுந்து கிடந்தவருக்கு நடுவிரலைக் காட்டினார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். திறமையைப் பேசும்போது இதை ஒதுக்கலாம், ஆளைப் பேசும்போது முடியாது.

உச்சத்தை மட்டும் எடுத்தால் என் ஓட்டு 2005 கோமிக்கு. முழு வாழ்க்கையையும் எடுத்தால் அவோகிதான், இதில் எனக்குத் தயக்கமில்லை. 2006 கடைசி இரவில் இருவரையும் ஒருவர் மேல் ஒருவர் ஏவியிருந்தால்? பிரைட் ரிங்கில், 10 நிமிட ரவுண்டில், அவோகி ஒரு காலைப் பிடித்துவிட்டால் கோமி எழுந்திருக்க மாட்டார். கூண்டில், 5 நிமிட ரவுண்டில், டைட்ஸ் இல்லாமல் என்றால், முதல் இரண்டு நிமிடத்தில் அந்த இடது கை எங்காவது பட்டிருக்கும்.