கீழக்கரை ஃப்ரோசன் கறிக்கடை: விலையும் எடையும்

கீழக்கரையில் அண்மையில் தொடங்கப்பட்ட ஃப்ரோசன் இறைச்சிக் கடையில் எலும்புடன் வெட்டிய செம்மறிக் கறி கிலோ 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அன்றன்று அறுக்கும் கடைகளில் அதுவே 850 ரூபாய். ஆனால் ஒரு கிலோ பாக்கெட்டை இரவு முழுவதும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, உருகிய பனியையும் சிவப்பு நீரையும் வடித்துவிட்டு எடைபோட்டபோது 880 கிராம்தான் தேறியது என்பதால், உண்மையான விலை கிலோவுக்கு 795 ரூபாயை ஒட்டி வந்துவிடுகிறது.

எடையைவிட எனக்கு உறுத்தியது வேறு. உறைபெட்டி மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும், ஆனால் சில பாக்கெட்டுகளுக்குள் பொடிப்பனி படிந்திருந்ததைப் பார்த்தால், கறி ஒருமுறை இளகி மீண்டும் உறைந்திருக்குமோ என்ற ஐயம் எழுகிறது (கரண்ட் போவது நம் பக்கத்தில் புதிதா என்ன?).

ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சிக்கு இருந்த 30 சதவீத இறக்குமதி வரி 2022 டிசம்பர் 29 முதல் நீக்கப்பட்டிருந்தாலும், இங்கே விற்பது உள்நாட்டுச் சரக்குதான் என்று கடைக்காரர் தெளிவாகவே சொல்கிறார். உறையில் பொதி செய்த தேதியும் உரிம எண்ணும் உள்ளன. தொடைக்கறி குழம்பில் பஞ்சுபோல் வெந்தது. பிரியாணிக்கு இதை நான் வாங்கமாட்டேன், கொழுப்பில் பழைய வாடை இருக்கிறது.