ரைஃபிளின் சேஃப்டி லீவரை மாற்றக் கொடுக்கும் முன்

பழைய போல்ட் ரைஃபிளுக்கு உரிமம் வைத்திருக்கும் கோலாலம்பூர் நண்பர்களே, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்த வசதியாகச் சேஃப்டி லீவரை, அதாவது துப்பாக்கி தவறி வெடிக்காமல் தடுக்கும் நெம்பை, மாற்றித் தருகிறோம் என்று எந்தப் பட்டறை சொன்னாலும் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

என்னுடையது மவுசர் 98 வகை. 1898-இல் ஜெர்மானிய ராணுவம் ஏற்றுக்கொண்ட அமைப்பு. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உருளைதான் போல்ட். அதன் பின்முனையில் இருக்கும் லீவர் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் சுடலாம். வலப்பக்கம் சாய்ந்தால், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி, போல்ட் இரண்டுமே பூட்டிக்கொள்ளும். செங்குத்தாக நின்றால் ஊசி மட்டும் பூட்டியிருக்கும். போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்தினால் இந்த லீவர் நிமிர இடமில்லாமல் இடிக்கும். இதற்கென்றே தாழ்வாகச் சுழலும் லீவர்கள் தனியாகக் கிடைக்கின்றன. அதைப் போடச் சொல்லித்தான் முன்பணம் கொடுத்தேன்.

கைக்கு வந்ததோ பழைய லீவர்தான். தலையை அறுத்து, வளைத்துப் பற்றவைத்து, கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். நகத்தால் சுரண்டியதும் பற்றவைத்த தடம் பளிச்சென்று தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். உள்ளே போகும் தண்டையும் அரத்தால் ராவியிருந்தார்கள். ஊசியைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொள்வதே அந்தத் தண்டுதான்!

அங்கேயே, துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, சேஃப்டியைப் போட்டு விசையை இழுத்து விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சேஃப்டியைச் சுடும் நிலைக்குத் திருப்பினேன். விசையில் விரலே இல்லை. 'டக்' என்று ஊசி விழுந்தது. தோட்டா இருந்திருந்தால் வெடித்திருக்கும்.

"பழைய துப்பாக்கி அண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர். பச்சைப் பொய். கொடுப்பதற்கு முன் இதே சோதனையில் ஊசி அசையவே இல்லை. பணத்தைக் கேட்டதற்கு, வேலை செய்த கூலி என்று கைவிரித்துவிட்டார். உயிரோடு விளையாடும் வேலைக்குக் கூலியா?

1960-ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி உரிமம் பெற்றவர்தான் பழுதுபார்க்கலாம். இவரிடம் அந்த உரிமம் சுவரில் தொங்குகிறது. அதை மட்டும் நம்பாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். விசையை மட்டும் தடுக்கும் சேஃப்டியா, ஊசியையே பூட்டுவதா என்று கேளுங்கள். காலித் துப்பாக்கியில் நான் செய்த சோதனையை உங்கள் கண்முன் செய்து காட்டிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். அண்மையில் எங்காவது இந்த வேலையைச் செய்து வாங்கியிருந்தால், அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்கு முன் சோதித்துவிடுங்கள்.