எண்ணெயா, மினாக்சிடிலா, மாத்திரையா, ஊசியா? வகிடு அகலமான ஒருத்தியின் கணக்கு

முன்பெல்லாம் என் தலைமுடிக்கு ரப்பர் பேண்டு இரண்டு சுற்றில் நிற்கும். இப்போது நான்கு சுற்று சுற்றியும் நழுவுகிறது. இதை வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம். அம்மா கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சினார். ஆபீஸ் தோழி பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை டப்பாவை நீட்டினாள். தங்கை ரோஸ்மேரி எண்ணெய் என்றாள். தோல் மருத்துவர் மினாக்சிடில் என்ற பூச்சு மருந்தை எழுதினார். ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆவதற்குள் பிஆர்பி ஊசிக்கு ஆறு தவணை பேக்கேஜ் போட்டுக் காட்டினார்கள். பாதியைச் செய்து பார்த்தும் மீதியைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். முடி கொட்டுவது வேறு, முடி மெலிவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் எந்த மருந்து நல்ல மருந்து என்ற சண்டை முடிவதே இல்லை.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில வருடம் வளரும், பிறகு மூன்று மாதம் சும்மா இருக்கும், அப்புறம் உதிரும். தினம் 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. டைபாய்டு, டெங்கு, பிரசவம், அறுவைசிகிச்சை, பட்டினி டயட் என்று உடம்பு ஆடிப்போகும்போது வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை கொத்துக் கொத்தாகக் குளியலறை ஜாலியில் வந்து அடைக்கும். அதற்குள் காய்ச்சலையே மறந்திருப்போம். பழியெல்லாம் போர் தண்ணீருக்கும் புது ஷாம்புவுக்கும் போகும். இந்த ரகம் காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும்.

மெலிவது அப்படியில்லை. கை நிறைய முடி வராது. ஒரு வேரிலிருந்து அடுத்த முறை முளைக்கும் முடி முன்னதைவிடச் சன்னமாக வரும், அதற்கடுத்தது இன்னும் சன்னமாக. நெற்றியோர வரிசை அப்படியே இருக்க, நடு வகிடு மட்டும் மெல்ல அகலமாகும். ஆண்களைப் போல முன்வழுக்கை விழாததால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. எரிக் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1977இல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்து வைத்தார். இன்றும் தோல் மருத்துவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வட்ட வட்டமாகச் சொட்டை விழும் பூச்சிவெட்டு முற்றிலும் வேறு நோய். அதற்கு இந்தக் கட்டுரையில் பதில் தேட வேண்டாம்.

இனி எண்ணெய். தேங்காயெண்ணெய்க்கு ஒரு உண்மையான திறமை இருக்கிறது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போதும் சீவும்போதும் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, நுனி உடைவதும் சிக்கில் அறுபடுவதும் குறையும். இருக்கிற முடி பிழைக்கும். ஆனால் சுருங்கிக்கொண்டிருக்கும் வேரைத் திரும்பப் பருக்க வைப்பது அதன் வேலையில் இல்லை. கரிசலாங்கண்ணிக்கு எலிகளிடம் செய்த சோதனைகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. பெண்களின் வகிட்டில் அது என்ன செய்யும் என்பதற்கு அந்த எலிகளால் சாட்சி சொல்ல முடியாது.

இங்கேதான் என் அம்மாவோடு வாக்குவாதம். பெரியம்மா மகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டியது. அம்மா கொடுத்த எண்ணெயைத் தேய்த்தாள். ஐந்தாறு மாதத்தில் நெற்றியோரம் குட்டி முடிகள் முளைத்தன. "பாத்தியாடி?" என்றார் அம்மா. எண்ணெய் தேய்க்காத பெண்களுக்கும் அதே ஐந்தாறு மாதத்தில்தான் முளைக்கிறது. தானாக அடங்கும் கொட்டலுக்கு நடுவில் எதைப் பூசினாலும், எதை விழுங்கினாலும் பெயர் அதற்குத்தான் போகும். பயோட்டின், சின்ன வெங்காயச் சாறு, ஆயிரம் ரூபாய் சீரம் எல்லாவற்றின் புகழும் பெருமளவு இப்படி வந்ததுதான் என்பது என் கட்சி.

ரோஸ்மேரி எண்ணெயை மினாக்சிடிலுக்குச் சமம் என்று ரீல்ஸில் சொல்கிறார்கள். அப்படி ஒரு ஆய்வு 2015இல் வந்தது உண்மை. ஈரானில் 100 பேரிடம் ஆறு மாதம் நடந்தது. 100 பேரும் ஆண்கள். எதிரில் நிறுத்தியதோ வீரியம் குறைந்த 2 சதவீத மினாக்சிடில். வாசனைக்காகத் தேய்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

பயோட்டின் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவதே அபூர்வம். அதிக அளவில் விழுங்கினால் தைராய்டு, மாரடைப்புக்கான ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளில் தவறான எண் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் இதை எச்சரித்தது. முடி ஏன் கொட்டுகிறது என்று பார்க்க தைராய்டு டெஸ்ட் எடுக்கப் போய், முடிக்கான மாத்திரையே அந்த எண்ணைக் கெடுப்பது நல்ல வேடிக்கை.

பயோட்டினுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பெரிட்டின் டெஸ்ட் எடுக்கலாம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது பெரிட்டின். எனக்கு ஹீமோகுளோபின் 12, பெரிட்டின் வெறும் 11. மாதவிடாயில் அதிகம் போகிறவர்கள், சாப்பிட்டதும் டீ குடிக்கிறவர்கள் (நான் இரண்டும்) முதலில் இதைப் பார்ப்பது நல்லது. கூடவே தைராய்டு. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், முகத்தில் பருவும் தாடையில் முடியும் இருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை, ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரும்பு ஏறியதும் என் கொட்டல் நின்றது. வகிடு மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு ரகமும் ஒரே தலையில் இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

வகிட்டுக்கு வருவோம். மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர, அதைத் தலையில் பூசும் யோசனை பிறந்தது. பெண்களின் மெலிவுக்கு நீண்டகால ஆதாரம் உள்ள பூச்சு மருந்து இதுதான். 2 சதவீதத்தை தினம் இரண்டு வேளை பூசுவதும், 5 சதவீத நுரையை ஒரு வேளை பூசுவதும் ஏறத்தாழ ஒரே பலன். நான் ஒரு வேளைக் கட்சி. இரண்டு வேளை என்று எழுதப்பட்ட எதையும் நான் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்ததில்லை. திரவ வடிவில் உள்ள புரோப்பிலீன் கிளைகால் சிலருக்கு அரிப்பும் பொடுகும் கொண்டுவரும். நுரையில் அது கிடையாது.

இதன் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். தொடங்கிய முதல் சில வாரம் சிலருக்கு முடி அதிகமாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிது கிளம்புகிறது என்றாலும் சீப்பைப் பார்த்தால் அழுகை வரும். பலர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம். நிறுத்தினால் சில மாதத்தில் கிடைத்ததெல்லாம் போய்விடும். படுக்கும் நேரத்தில் பூசி, காயாமல் படுத்தால் தலையணை வழியாக முகத்தில் பட்டுக் கன்னத்தில் பூனைமுடி வளரலாம். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம், இது பூனைகளுக்குக் கொடிய விஷம். எண்ணெய்த் தலையில் பூசினாலும் வீண், காய்ந்த மண்டைத்தோல் வேண்டும்.

பூசுவது முடியாதவர்களுக்கு அதே மருந்து மாத்திரையாக, மிகக் குறைந்த அளவில் இப்போது பரவலாக எழுதப்படுகிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் 0.25 முதல் 1 மில்லிகிராம், சிலருக்குச் சற்று அதிகம். பிசுபிசுப்பு இல்லை, தொடர்வது சுலபம். விலையாக உடம்பெங்கும் மென்முடி, சிலருக்குக் கணுக்கால் வீக்கம், படபடப்பு. இதய நோயோ தாழ்ந்த ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு மாத்திரை வேறு வழியில் போகிறது. ஆண் ஹார்மோன் வேரைத் தொடாமல் தடுக்கிறது. ஆகவே பிசிஓஎஸ் அடையாளம் உள்ளவர்களுக்கு அதன் பக்கம் சாய்வேன். கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு இது கிடையாது. மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்ளும் சரக்கல்ல இந்த இரண்டும்.

பிஆர்பி என்றால் நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மண்டையில் ஊசியாகப் போடுவது. சிலருக்கு அடர்த்தி கூடியதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் எத்தனை தரம் சுழற்றுவது, எவ்வளவு செறிவு, எத்தனை தவணை என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு கிளினிக்கின் பலன் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒரு தவணைக்கே சில ஆயிரம், பிறகு பராமரிப்பு ஊசி, வலி தனி. எனக்குப் பேக்கேஜ் போட்டுக் கொடுத்தவர்கள் பெரிட்டின் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். மினாக்சிடில் ஒத்துவராதவர்கள், பூசியும் போதவில்லை என்பவர்கள் கையில் பணமிருந்தால் யோசிக்கலாம். முதல் படியாக வேண்டாம்.

முடி நடுவது பெண்களுக்கு எளிதில் பொருந்தாது. எடுக்கும் இடமும் மெலிந்திருந்தால் நட்டு என்ன லாபம்? இறுக்கிப் பின்னிப் பின்னியே காதோரம் முடி போனவர்களுக்கு வேண்டுமானால், அதுவும் இறுக்கத்தை விட்ட பிறகு.

இப்போது என் கணக்கு: பெரிட்டின் வருடம் ஒருமுறை, 5 சதவீத நுரை தினம் சாயங்காலம், மாதத்தின் முதல் தேதி அதே டியூப்லைட்டுக்குக் கீழே வகிட்டின் போட்டோ. ஏழாவது மாதப் படத்தில் கோடு சற்றே குறுகியிருக்கிறது. சனிக்கிழமை காலை மட்டும் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார், உட்கார்ந்துவிடுவேன். அவர் விரல் மண்டையில் ஓடும் அந்த அரைமணி நேரத்தில் எந்த ஆய்வைப் பற்றியும் வாயைத் திறப்பதில்லை.