செங்கோட்டைப் பக்கத்துப் பையனுக்கு எது சரி: ஐடிஐயா, வயரிங் மேஸ்திரியிடம் ஹெல்பர் வேலையா?

கேரள எல்லையிலுள்ள புளியரை தாண்டினால் கூலி கூடுதல் என்பதால், செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பத்தாவது முடித்த பலர் நேராக வயரிங் மேஸ்திரியிடம் ஹெல்பராகச் சேர்ந்துவிடுகிறார்கள். கூலி வித்தியாசம் உண்மைதான். ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி 2022-23இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் சுமார் 850 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 500. அறை வாடகை, சாப்பாடு, வேலை நிற்கும் மழை நாட்கள் எல்லாம் போகத்தான் மிச்சம்.

ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், எலெக்ட்ரீஷியன் பிரிவு 2 வருடம். பத்தாவது தேறியிருக்க வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாவது போதும். அரசு ஐடிஐ என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அடுத்து அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகையோடு வேலைப் பயிற்சி, 2019 விதிப்படி மாதம் குறைந்தது 7,000. கையில் காசு புரள்வதில் ஹெல்பர்தான் முந்துவார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரயில்வே டெக்னீஷியன் வேலைக்கும் பெரிய ஆலைகளுக்கும் கேட்பது ஐடிஐ சான்றிதழைத்தான். அது எந்த மாநிலத்திலும் செல்லும்.

ஹெல்பர் வழியில் தமிழ்நாட்டின் கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத 5 வருட அனுபவமும் 21 வயதும் வேண்டும். அனுபவச் சான்று யார் தருவார் என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள். லைசென்ஸ் இல்லாத மேஸ்திரியிடம் உழைத்த வருடங்களைக் காகிதத்தில் காட்ட முடியாது. கேரளத்துக்குத் தனி லைசென்சிங் போர்டு, தனி வயர்மேன் பெர்மிட். அது கையில் இல்லாதவரை அங்கே இன்னொருவர் பெயரில்தான் வேலை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் கற்றுக்கொள்வதில் இருக்கிறது. சுவரில் காடி வெட்டுவது, ஸ்லாபுக்குள் பைப் போடுவது, லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுப்பது எல்லாம் ஹெல்பருக்குச் சீக்கிரமே கைவந்துவிடும். ஐடிஐ பையன் இதில் தடுமாறுவான். பழுது என்று வந்தால்தான் நிலைமை மாறும். இன்வெர்ட்டர் மாட்டிய வீட்டில், மின்கசிவு வந்தால் சப்ளையை நிறுத்தும் ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை சுவிட்ச் பெட்டிக்குள் வேறொரு சர்க்யூட் நியூட்ரலோடு முறுக்கியிருப்பார்கள். ஆர்சிசிபி வழியாகப் போன மின்னோட்டம் அதன் வழியாகவே முழுதாகத் திரும்பாது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்பே அது விழுந்துவிடலாம். விஷயம் தெரியாதவர் புது ஆர்சிசிபி வாங்கச் சொல்வார், இல்லாவிட்டால் அதை பைபாஸ் பண்ணுவார். பைபாஸ் பண்ணிய வீட்டில் ஈரக் கையோடு வாட்டர் ஹீட்டரைத் தொடுபவருக்கு ஆர்சிசிபி தரும் உயிர்ப் பாதுகாப்பு இல்லை. செய்ய வேண்டியது, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, மாட்டியிருக்கும் சாதனங்களைக் கழற்றிவிட்டு, நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயர் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகரால் சோதிப்பது. எர்த்துக்கு எதிராக 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த சர்க்யூட்டில் கசிவு இருக்கிறது. மெகர் சரியாக இருந்தும் ட்ரிப் ஆனால் நியூட்ரல் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுச் செலவு உடனே கழுத்தை நெரிக்கவில்லை என்றால் ஐடிஐயில் சேருங்கள், விடுமுறையில் மட்டும் மேஸ்திரியோடு போங்கள். ஹெல்பராகத்தான் போக வேண்டும் என்றால் மெகர் வைத்திருக்கிற மேஸ்திரியாகத் தேடுங்கள். கூலி 50 ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.